காட்சியே சரக்கு: பழைய ரயில் சுவரொட்டிகளும் இயற்கைச் சுற்றுலாவும்

அமெரிக்காவின் அரிசோனாவில், வில்லியம்ஸ் என்ற சிற்றூரிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு 64 மைல். 1901 செப்டம்பர் 17 அன்று அங்கே முதல் பயணிகள் ரயில் போய்ச் சேர்ந்தது. அதுவரை குதிரை வண்டியில் புழுதி தின்றுகொண்டு போக 15 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ரயிலில் 3 டாலர் 95 சென்ட். இத்தனைக்கும் அந்தப் பாதை வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. அனிட்டா சுரங்கத்திலிருந்து செம்புத் தாதுவைக் கொண்டுவரத்தான் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். தாது கை கொடுக்கவில்லை. கம்பெனி திவாலாகி, அரைகுறையாக நின்ற பாதையைச் சாண்டா ஃபே ரயில்வே எடுத்துக்கொண்டு விளிம்பு வரை நீட்டியது. ஏற்றுவதற்குத் தாது இல்லாத பாதையில் இனி ஆட்களைத்தான் ஏற்றியாக வேண்டும். ஆட்கள் வர வேண்டுமென்றால் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

பழைய ரயில் சுவரொட்டிகளை இன்று ஏலத்திலும் காபிக் கடைச் சுவரிலும் அழகுப் பொருளாகப் பார்க்கிறோம். அவை பிறந்த இடம் கணக்குப் புத்தகம். பயணிகள் ரயிலுக்கு நிலக்கரி, ஓட்டுநர் சம்பளம், பாதைப் பராமரிப்பு என்று ஆகும் செலவு, பெட்டி நிறைந்து ஓடினாலும் காலியாக ஓடினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எப்படியும் ஓடப்போகிற ரயிலில் காலி இருக்கைக்கு ஒரு டிக்கெட் விற்றால் அந்தக் காசில் பெரும்பகுதி லாபம். அமெரிக்க மேற்கில் ஊர்கள் குறைவு, தூரம் அதிகம். சிகாகோவில் ஏறியவரை ஆயிரம் மைலுக்கு மேல் உட்காரவைக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. மலையும் அருவியும் வெந்நீர் ஊற்றும் அந்தக் காரணமாயின.

இந்தச் சூத்திரத்தை முதலில் பிடித்தது நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் நிதியாளர் ஜே குக். 1871இல் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த எல்லோஸ்டோனை ஆராயப் போன, ஹேடன் என்பவர் தலைமையிலான அரசு ஆய்வுக் குழுவோடு தாமஸ் மோரன் என்ற ஓவியரும் சேர்ந்துகொள்ள 500 டாலர் கடன் கொடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 1 அன்று எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. மோரனின் பெரிய ஓவியத்தை அமெரிக்க நாடாளுமன்றமே 10,000 டாலருக்கு வாங்கியது. ஆனால் பூங்கா இருந்தது, ரயில் இல்லை. 1873இல் குக்கின் வங்கி கவிழ்ந்து பாதை வேலை பல ஆண்டுகள் நின்றுபோனது. பூங்காவின் வடக்கு வாசலருகே கிளைப்பாதை வந்து சேர 1883 ஆகிவிட்டது. விளம்பரம் பயணத்தை முந்திக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்: படம் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு விற்க டிக்கெட் இல்லை.

சாண்டா ஃபே அந்தத் தவறைச் செய்யவில்லை. 1892இல் அதே மோரனைக் கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துப்போனார்கள். பயணச் செலவு கம்பெனியுடையது. பதிலுக்கு ஒரு ஓவியத்தின் பதிப்புரிமை கம்பெனிக்கு. அதைப் பல வண்ணக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை) அச்சடித்து, சட்டம் போட்டு, ஹோட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். விளம்பரப் பிரிவைக் கவனித்த வில்லியம் ஹாஸ்கல் சிம்ப்சன் 1903 முதல் ஓவியங்களைத் தொடர்ந்து வாங்கத் தொடங்கினார். 1907இல் கம்பெனியின் ஓவிய நாள்காட்டி வந்தது. அமெரிக்க ரயில்வேக்களைப் பொறுத்தவரை சுவரொட்டியைவிட நாள்காட்டியும் படக் கையேடும்தான் பெரிய ஆயுதம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் பயணி என்பவர் ரயில் நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு சிறு ஊரில் இருப்பவர். அவர் கண்ணில் சுவரொட்டி படப்போவது எப்போதோ ஒரு முறை. நாள்காட்டியோ பன்னிரண்டு மாதமும் அவர் கடைச் சுவரில் தொங்கும். தீபாவளி முடிந்ததும் சிவகாசி காலண்டரைத் தேடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படம் தயார். போய் இறங்கியவர் தூங்க இடம் வேண்டுமே. 1905 ஜனவரியில் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே எல் டோவர் ஹோட்டல் திறந்தது; செலவு சுமார் 2,50,000 டாலர். எதிரே ஹோப்பி பழங்குடி மக்களின் வீட்டைப் போலவே கட்டிய கைவினைக் கடை, மேரி கோல்டர் வடிவமைத்தது. அந்த விளிம்பில் குடிநீர் கிடையாது. 120 மைல் தொலைவிலிருந்து டேங்கர் பெட்டிகளில் ரயிலிலேயே கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட ஹோட்டலில் அறை வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. கம்பெனி பார்த்தது அறை வாடகையை அல்ல, அந்த அறைக்கு வருபவர் சிகாகோவிலிருந்து எடுக்கும் டிக்கெட்டை.

கிரேட் நார்தர்ன் ஒரு மலைத்தொடரைத் தத்தெடுத்த கதை

இந்த வியாபாரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிரேட் நார்தர்ன் ரயில்வே. அதன் பாதை 5,213 அடி உயரத்தில் மரியாஸ் கணவாயைக் கடந்து பசிபிக் கரைக்குப் போனது. வடக்கே இருந்த மலைகளை 1910 மே 11 அன்று கிளேசியர் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கம்பெனித் தலைவர் லூயிஸ் ஹில் அதற்காக முன்னின்று உழைத்தவர். அறிவிப்பு வந்த கையோடு கட்டுமானம் தொடங்கியது. பூங்காவின் கிழக்கு வாசலில், ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே, 1913இல் பெரிய ஹோட்டல். அதன் கூடத்தைத் தாங்கியவை 40 அடி உயர டக்ளஸ் ஃபிர் மரத்தூண்கள், பட்டைகூட உரிக்காதவை. 1915இல் ஏரிக்கரையில் மெனி கிளேசியர் ஹோட்டல். இவற்றுக்கிடையே சுவிட்சர்லாந்து பாணியில் மலைக் குடில்கள், குதிரையில் ஒரு நாளில் கடக்கக்கூடிய தூரத்துக்கு ஒன்றாக. பூங்காவுக்குள் சாலை இல்லாத காலம் அது. ஒரு பயணி ரயிலில் இறங்கி, குடில் குடிலாகத் தங்கி, திரும்ப ரயிலேறும் வரை செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி ரயில்வேக்கும் அதன் துணைக் கம்பெனிக்குமே போய்ச் சேரும்படி அமைத்த ஏற்பாடு.

விளம்பர வாசகம், 'அமெரிக்காவை முதலில் பார்.' 1906இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த மாநாடு ஒன்றில் பரவிய முழக்கம் அது. கோடை வந்தால் கப்பலேறி ஐரோப்பா போகிற பணக்கார அமெரிக்கர்களைக் குறிவைத்தது. கிரேட் நார்தர்ன் அதைத் தன் முத்திரையோடு சேர்த்துக்கொண்டது. 1914இல் போர் மூண்டு ஐரோப்பாவின் கதவு சாத்தப்பட்டதும் முழக்கத்துக்கு அவசியமே இல்லாமல் கூட்டம் வந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் சாண்டா ஃபே ஒரு கிராண்ட் கேன்யன் மாதிரியையும், யூனியன் பசிபிக் ஒரு எல்லோஸ்டோன் மாதிரியையும் கட்டி நிறுத்தின. முப்பரிமாணத்தில் சுவரொட்டி என்றே அவற்றைச் சொல்லலாம்.

இதே படங்களுக்கு இன்னொரு முகம் உண்டு. கிளேசியரின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலம். 1895இல் ஓர் ஒப்பந்தத்தின்படி அரசு அதை 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. வாங்கியதும் செம்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான். இங்கும் செம்பு ஏமாற்றியது. சுரங்க ஊர் சில ஆண்டுகளில் காலியானது. மலையை விட்டு விலகியிருக்க வேண்டியவர்களையே பிறகு 'கிளேசியர் பார்க் இந்தியர்கள்' என்று பெயர் சூட்டி, இறகுத் தலைப்பாகையோடு நிலையத்தில் பயணிகளை வரவேற்க நிறுத்தியது ரயில்வே. 1913இல் நியூயார்க் சுற்றுலாக் கண்காட்சிக்கு ஒரு குழுவை அழைத்துப்போய், மக்ஆல்பின் ஹோட்டலின் மொட்டைமாடியில் கூடாரமடிக்க வைத்தார்கள். பத்திரிகைகளுக்கு அது பெரிய தீனி. ஜெர்மனியில் பிறந்த வினோல்ட் ரைஸ் வரைந்த பிளாக்ஃபீட் உருவப்படங்கள் 1928 முதல் கம்பெனியின் நாள்காட்டிகளில் வந்தன. ரைஸின் படங்கள் உண்மையிலேயே அருமையானவை. ஒவ்வொரு முகமும் ஒரு தனி மனிதரின் முகம், அலங்காரப் பொம்மையல்ல. அந்த மனிதர்களின் நிலம் எப்படிக் கைமாறியது என்பதை மட்டும் எந்த நாள்காட்டியும் சொல்லவில்லை.

ரயில்வேக்கள் தனித்தனியே போட்டியிட்டாலும் ஒரு விஷயத்தில் கூட்டாகச் செலவழித்தன. தேசியப் பூங்காக்களுக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்று அரசு அதிகாரி ஸ்டீபன் மாதர் 1916இல் வெளியிட்ட படத்தொகுப்புக்கு மேற்கத்திய ரயில்வேக்கள் 17 சேர்ந்து 43,000 டாலர் கொடுத்தன. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தேசியப் பூங்காச் சேவை சட்டமானது. இயற்கைப் பாதுகாப்பின் வரலாற்றில் ரயில் கம்பெனிகளுக்கு நல்ல இடம் கிடைத்திருப்பது இதனால்தான். மரமும் தாதுவும் இருந்த மற்ற இடங்களில் இதே கம்பெனிகள் எப்படி நடந்துகொண்டன என்பது வேறு கதை.

நிலையச் சுவர் யாருடையது?

சுவரொட்டி என்ற வடிவம் முழுமையாகச் செழித்தது ஐரோப்பாவில். அங்கே தூரம் குறைவு, நிலையங்கள் நெருக்கம், தினமும் அதே நடைமேடையில் லட்சக்கணக்கானோர். பிரிட்டனில் நிலையச் சுவர் முழுவதும் ரயில் கம்பெனியின் சொத்து. ஒட்டுவதற்கு வாடகை இல்லை. கடலோர ஊராட்சிகள் அச்சுச் செலவில் பங்கு கொடுக்கும், கம்பெனி சுவரைக் கொடுக்கும். இரண்டு அளவுகள் நிலைபெற்றன: நிமிர்ந்த டபுள் ராயல், 25 × 40 அங்குலம், கிடையான குவாட் ராயல், 50 × 40 அங்குலம். குவாட் ராயல் இரண்டு டபுள் ராயலின் இடத்தைச் சரியாக அடைப்பதால் நிலையப் பலகைகளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டலாம்.

1908இல் கிரேட் நார்தர்ன் (இது பிரிட்டன் கம்பெனி; பெயர் மட்டும்தான் ஒன்று) ஸ்கெக்னஸ் என்ற கடலோர ஊருக்காக ஜான் ஹாசலிடம் ஒரு படம் வாங்கியது. விலை 12 கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு). தொந்தியும் நீண்ட பூட்சுமாக ஒரு மீனவர் கடற்கரையில் துள்ளிக் குதிக்கிறார். கூடவே அந்த ஊர்க் காற்று உடம்பைச் சிலிர்க்கவைக்கும் என்ற வாசகம். அந்தக் கடற்கரையில் காற்று குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறையை மறைக்காமல் அதையே சரக்காக்கிய சாமர்த்தியம்தான் அந்தப் படத்தை இன்றுவரை வாழவைக்கிறது.

அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் எமில் கார்டினோ செர்மாட் ஊருக்காக மேட்டர்ஹார்ன் சிகரத்தை வரைந்தார். சூரிக்கில் வோல்ஃபென்ஸ்பெர்கர் அச்சகத்தில் அடித்தார்கள். காலை வெயிலில் ஆரஞ்சாக எரியும் சிகரம், கீழே இருண்ட அடிவாரம், ஊர்ப்பெயர், 4505 மீ. என்ற உயரம். அவ்வளவுதான். அதற்கு முந்தைய சுவிஸ், பிரெஞ்சு ரயில் சுவரொட்டிகளில் சின்னச் சின்னக் காட்சிகளை ஒட்டுப்போட்டு, கால அட்டவணையையும் கட்டணத்தையும் திணித்திருப்பார்கள். பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் படிக்க வேண்டியவை அவை. கார்டினோவின் படம் நடைமேடையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே பார்வையில் பிடிபட்டது. கட்டணம் கேட்க கவுன்டர் இருக்கிறது. சுவரொட்டியின் வேலை ஆளைக் கவுன்டர் வரை நடக்கவைப்பது.

இந்த இரண்டு வழிகளும் 1923க்குப் பிறகு பிரிட்டனில் நேருக்கு நேர் மோதின. அந்த ஆண்டு நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளை இணைத்து நான்காக்கினார்கள். அவற்றில் எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) நிறுவனம், ஓவியர் நார்மன் வில்கின்சனின் யோசனைப்படி, பிரிட்டனின் கலைக்கழகமான ராயல் அகாடமியின் ஓவியர்களிடம் ஆளுக்கு 100 பவுண்டு கொடுத்துப் படம் வாங்கியது. எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்) நிறுவனமோ டாம் பர்விஸ், ஃபிராங்க் நியூபோல்ட், ஃபிரெட் டெய்லர் போன்ற சுவரொட்டிக் கலைஞர்களையே ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது. அகாடமி ஓவியங்கள் கண்காட்சியில் பார்க்க நன்றாக இருந்தன. புகை படிந்த நிலையத்தில், அரை வெளிச்சத்தில், மங்கிய பழுப்புப் பரப்பாகத் தெரிந்தன. பர்விஸ் எல்லைக்கோடுகளையே ஒழித்துவிட்டார். மணல் ஒரு மஞ்சள் பரப்பு, கடல் ஒரு நீலப் பரப்பு, மனிதர்கள் முகமில்லாத வண்ணத் திட்டுகள். 1931இல் அவர் போட்ட கிழக்குக் கடற்கரைத் தொடரில் ஆறு சுவரொட்டிகள். தனித்தனியே ஒட்டினால் ஆறு காட்சி, வரிசையாக ஒட்டினால் ஒரே நீண்ட கரை. சுவரொட்டியாக ஜெயித்தது எல்.என்.இ.ஆர். என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமெரிக்காவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சிகாகோவின் மின்சார ரயில்களை நடத்திய சாமுவேல் இன்சல் லண்டனில் பிறந்தவர். அவருடைய கம்பெனிகள் லண்டன் சுரங்க ரயிலின் சுவரொட்டிகளை முன்மாதிரியாக வைத்துக்கொண்டன. 1925இல் இன்சல் கைக்கு வந்த சவுத் ஷோர் பாதை மிச்சிகன் ஏரிக்கரையின் இந்தியானா மணற்குன்றுகளை ஒட்டிப் போனது. வசந்தம், இலையுதிர்காலம், பனிக்காலம் என்று பருவத்துக்கொரு படம். கோடைக் கூட்டம் தானாக வரும். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ரயில் காலியாக ஓடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பனி மூடிய குன்றை அவ்வளவு அழகாக வரைந்தார்கள்.

இந்தியாவிலும் 1920களின் பிற்பகுதியில் ரயில்வே வாரியத்தின் விளம்பரப் பிரிவு 'விசிட் இந்தியா' சுவரொட்டிகளை அடித்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் அதற்கு அலுவலகங்கள் இருந்தன. அவை பேசியது கப்பலில் வரக்கூடிய வெள்ளைக்காரப் பயணியோடு. உள்ளூர் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. திருவிழா வந்தால் அவர் கூரையிலும் தொற்றிக்கொண்டு போனார்.

ஒரு சுவரொட்டி அச்சாகும் விதம்

அடிப்படை எளிது: எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது. 1790களின் இறுதியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் பவேரியாவில் கண்டுபிடித்த கல்லச்சு இதை வைத்துத்தான் இயங்குகிறது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் தண்ணீரையும் உறிஞ்சும், எண்ணெய்ப் பசையையும் பிடித்துக்கொள்ளும். பசையால் வரைந்த இடத்தில் மை ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. குவாட் ராயல் அளவுக்கு நான்கு அங்குலக் கனத்தில் ஒரு கல் என்றால் 300 கிலோவுக்கு மேல் போகும். எட்டு வண்ணத்துக்கு எட்டுக் கல். துத்தநாகத் தகடுகள் பெரும்பாலும் கல்லின் இடத்தைப் பிடித்ததற்கு எடையே போதுமான காரணம்.

ஓவியர் கொடுப்பது போஸ்டர் கலரில் வரைந்த மூலப்படம் மட்டும். அதை எட்டாகவோ பத்தாகவோ பிரிப்பவர் அச்சகத்து வரைகலைஞர். சுவரொட்டியில் அவர் பெயர் இருக்காது. முதலில் எல்லா உருவங்களின் எல்லைக்கோட்டையும் ஒரு தகட்டில் வரைவார். அதிலிருந்து எடுத்த அச்சில் பசையில்லாத சிவப்புப் பொடியைத் தூவி, ஒவ்வொரு தகட்டிலும் பதிய வைப்பார். பொடிக்கோடு வழிகாட்டும், ஆனால் மை பிடிக்காது. பிறகு தகட்டுக்கு ஒரு வண்ணமாக, அந்த வண்ணம் வரவேண்டிய இடத்தை மட்டும் எண்ணெய்ப் பசை கலந்த கறுப்பு மையாலோ, அதே பசையில் செய்த கிரேயான் போன்ற பசைக்கட்டியாலோ நிரப்புவார். மஞ்சள் தகடும் கறுப்பாகத்தான் இருக்கும், நீலத் தகடும் கறுப்பாகத்தான் இருக்கும். கலந்து வந்தால் எப்படியிருக்கும் என்பது அவர் மண்டைக்குள். கல்லிலிருந்து நேரடியாக அடிப்பதானால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும், எழுத்து உட்பட.

வரைந்து முடிந்ததும் கருவேலம் பிசினோடு சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். வரையாத இடம் இதனால் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மை பெறுகிறது. கரைசல் கடுமையானால் மெல்லிய புள்ளிகள் அரித்துப்போய் வானத்து மேகம் காணாமல் போகும். நீர்த்திருந்தால் புள்ளிகளுக்கிடையே மை ஏறி மேகம் கறையாகும். அடிக்கும்போதும் இதே கயிற்றின் மேல் நடைதான். தண்ணீர் குறைந்தால் வெள்ளைப் பகுதியில் அழுக்கு படரும். கூடினால் மையோடு தண்ணீர் கலந்து வண்ணம் வெளுக்கும். மை இறுகலாக இருந்தால் காகித நாரைப் பிய்த்துக்கொண்டு வந்து, நீலக் கடலில் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

வழக்கமாக வெளிர் வண்ணம் முதலில், அடர் வண்ணம் கடைசியில். ஒவ்வொரு வண்ணமும் காய்ந்த பிறகே அடுத்தது. இங்கேதான் பெரிய எதிரி வருகிறது: ஈரப்பதம். காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். 50 அங்குலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே 1.3 மில்லிமீட்டர். மஞ்சளை மழை நாளிலும் நீலத்தை வெயில் நாளிலும் அடித்தால் ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவது) விலகி, மலைக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக்கோடு தெரியும். இதற்காக அச்சடிக்கும் முன்பே தாள்களை அச்சுக்கூடத்தில் தொங்கவிட்டு அந்த அறையின் காற்றுக்குப் பழக்குவார்கள். மை இல்லாமல் ஒரு முறை எந்திரத்தில் ஓட்டி இழுவையை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து வண்ணங்களை ஒரு மயிரிழை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரைவார்கள். ரயில் சுவரொட்டிகளில் உருவங்களைச் சுற்றி அடர்நிற விளிம்பு அடிக்கடி வருவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. விலகலை அது விழுங்கிவிடும்.

மேலே அடர் நீலம், கீழே வரவர இளமஞ்சள் என்று இறங்கும் அந்த வானத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. மைத் தொட்டியின் ஒரு முனையில் நீலம், மறுமுனையில் மஞ்சள் ஊற்றி உருளையை ஓடவிட்டால் நடுவில் இரண்டும் தானாகக் கலக்கும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வண்ணமும் இடைநிறமும் கிடைத்துவிடும். ஆனால் ஓட ஓடக் கலப்பு பரவிக்கொண்டே போகும். குறிப்பிட்ட அளவு தாள் அடித்ததும் நிறுத்தி, கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். ஒரே சுவரொட்டியின் இரண்டு பிரதிகளில் வானம் வேறுவேறாக இருந்தால் ஒன்று போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்று கழுவியதும் அடித்தது, மற்றொன்று கழுவுவதற்கு முன் அடித்ததாக இருக்கலாம்.

ரயிலைக் காட்டாத ரயில் விளம்பரம்

மலைக் காட்சிச் சுவரொட்டிகளில் பலவற்றில் ரயிலே கிடையாது. இருந்தாலும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் புழுவளவு ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் என்றால் புகை, கரித்தூள், இரவு முழுக்கத் தூக்கமில்லாத பயணம். வாடிக்கையாளர் தப்பித்துப் போக நினைப்பது அதிலிருந்துதான். முன்னால் நிழலில் ஒரு பைன் மரமோ முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்ணோ, அவருக்கு அப்பால் ஏரி, அதற்கப்பால் வெயில் விழும் சிகரம். முகம் தெரியாததால் அந்த இடத்தில் பார்ப்பவர் தன்னை நிறுத்திக்கொள்ளலாம். கூட்டமும் வரிசையும் எந்தப் படத்திலும் இருக்காது. மலைகளின் சரிவையும் ஓவியர்கள் தாராளமாகச் செங்குத்தாக்கினார்கள். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1907இல் இங்கிலாந்தின் கார்ன்வாலையும் இத்தாலியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைபடமாகப் போட்டு, வடிவிலும் தட்பவெப்பத்திலும் இரண்டும் ஒன்றே, உன் நாட்டை முதலில் பார் என்று சொன்னது. இத்தாலி தென்கிழக்கே நீளும், கார்ன்வால் தென்மேற்கே. மழையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ரயிலை வீழ்த்தியது ரயில்வே வளர்த்த ஆசைதான். 1915 ஆகஸ்ட் 1 முதல் எல்லோஸ்டோனில் காரை அனுமதித்தார்கள். அந்த ஆண்டு ரயிலில் வந்தவர்கள் 44,477 பேர், காரில் 7,418 பேர். 1930 வாக்கில் கார்க் கூட்டம் ரயில் கூட்டத்தைப் போலப் பல மடங்காகிவிட்டது. கிளேசியரில் 1933இல் மலையைக் குறுக்கே வெட்டிச் சாலை திறந்ததும் குதிரையும் குடிலும் கொண்ட பழைய ஏற்பாடு ஆட்டம் கண்டது. கிராண்ட் கேன்யனுக்குப் பயணிகள் ரயில் 1968 ஜூலையில் நின்றபோது கடைசி வண்டியில் மூன்றே பயணிகள். 1989இல் சுற்றுலா ரயிலாக அதை மீண்டும் தொடங்கினார்கள். இப்போது அந்த ரயிலே ஒரு காட்சிப்பொருள்.

1938 முதல் 1941 வரை அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் அச்சான தேசியப் பூங்காச் சுவரொட்டிகளை ரயில் சுவரொட்டி என்று விற்பவர்கள் உண்டு. அவை 14 வடிவங்கள், பட்டுத்திரை அச்சு, ரயில்வேக்குச் சம்பந்தமில்லாதவை.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

முதலில் டேப்பை எடுத்து அளக்க வேண்டும். மறுபதிப்புகள் பெரும்பாலும் 24 × 36 அங்குலத்தில் வரும், கடையில் தயாராகக் கிடைக்கும் சட்டத்துக்குப் பொருந்த. மூலமான டபுள் ராயல் 25 × 40. இரண்டின் விகிதமும் வேறு. ஆகவே மறுபதிப்பில் மேலோ கீழோ வெட்டியிருப்பார்கள், அல்லது ஓரவெள்ளையைக் கூட்டியிருப்பார்கள். பிரெஞ்சு பி.எல்.எம். (பாரிஸ்–லியோன்–மத்தியதரைக்கடல்) ரயில்வேக்காக ரோஜர் புரோடர்ஸ் வரைந்தவை ஏறக்குறைய 62 × 100 செ.மீ.; சுவிஸ் சுவரொட்டிகளின் நிலையான அளவு ('உலக அளவு' என்பார்கள்) 90.5 × 128 செ.மீ.

அடுத்து பத்து மடங்கு உருப்பெருக்கி. மூலக் கல்லச்சில் தட்டையான வண்ணம் முழுப்பரப்பாக இருக்கும். நிழல் பகுதியில் பசைக்கட்டி கல்லின் சொரசொரப்பில் உரசிய ஒழுங்கற்ற மணிகள் தெரியும். நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ரோஜா இதழ்போல் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது பிற்கால ஆஃப்செட். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது: 1930களில் புகைப்படத்தை வைத்து அச்சான உண்மையான ரயில் சுவரொட்டிகளிலும் புள்ளிகள் உண்டு. படமே புகைப்படமா, வரைந்ததா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு. கீழ் ஓரத்தில் அச்சகப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். மறுபதிப்பில் அது மங்கிப் படிக்க முடியாதபடி இருந்தால், சுவரொட்டியைப் படமெடுத்து அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

மடிப்புத் தடமும் ஓரக் கிழிசலும் விலையைக் குறைக்கும், நம்பகத்தைக் கூட்டும். துணியில் ஒட்டிய பிரதி என்றால் பசை எதுவென்று கேட்க வேண்டும். கோதுமை மாவுப் பசையும் நடுவே ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டியிருந்தால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். சூட்டில் உருக்கி ஒட்டியதையும் லேமினேட் செய்ததையும் மீட்பது கடினம். தொங்கவிடுபவருக்கு வெளிச்சம்தான் எமன். மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது, தானாகவே மஞ்சளிக்கும். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவை) மேல் அனுமதிப்பதில்லை. வீட்டில் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், தாள் கண்ணாடியைத் தொடாதபடி அமிலமில்லாத அட்டை இடைவெளி. சென்னை மாதிரி ஊரில் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது. மழைக்காலத்தில் சட்டத்தின் பின்பலகைதான் முதலில் பூசணம் பிடிக்கும், அங்கிருந்து தாளுக்கு வந்துவிடும்.